குழந்தைக்கு டிரக்கியாஸ்டமி: அறுவை முடிந்த நாளிலிருந்து வீடு திரும்பும் வரை பெற்றோர் செய்ய வேண்டியவை

எங்கள் மகளுக்கு ஒன்றேகால் வயதில் கடுமையான நிமோனியா வந்து, மூன்று வாரம் வெண்டிலேட்டரில் இருந்தாள். நுரையீரல் தேறிய பிறகும் வாய்வழியாகப் போட்டிருந்த குழாயை எடுக்க முடியவில்லை. எடுத்த சில மணி நேரத்தில் நெஞ்சு குழிய மூச்சு இழுக்கத் தொடங்கிவிடுவாள். குரல்நாணுக்குக் கீழே மூச்சுப்பாதை சுருங்கிவிட்டது என்று கண்டறிந்த காது, மூக்கு, தொண்டை மருத்துவர்கள், அந்தச் சுருக்கத்துக்கும் கீழே கழுத்தில் துளையிட்டு டியூப் பொருத்தினார்கள். இதுதான் டிரக்கியாஸ்டமி. அறுவை ஒரு மணி நேரத்தில் முடிந்தது. அதன் பிறகு நாங்கள் மருத்துவமனையில் இருந்தது 41 நாட்கள்.

அந்த 41 நாட்களில், கழுத்துப் புண் ஆறுவதற்குத் தேவைப்பட்டது முதல் ஒன்றரை வாரம் மட்டுமே. மற்ற நாட்களெல்லாம் நாங்கள் டியூப்பில் சேரும் சளியை உறிஞ்சி எடுக்கும் சக்‌ஷன் போடக் கற்றுக்கொள்வதற்கும், காகிதங்கள் சேர்வதற்கும், இயந்திரம் வாங்குவதற்கும் கழிந்தன. இந்த வேலைகளை அறுவை நடந்த அன்றே தொடங்க வேண்டும் என்று யாராவது சொல்லியிருந்தால் குறைந்தது இரண்டு வாரம் முன்னதாக வீட்டுக்கு வந்திருப்போம். இப்போது அதே வார்டு வாசலில் நிற்கும் பெற்றோருக்காக, தமிழ்நாட்டில் நடக்கும் முறையை வைத்து இதை எழுதுகிறேன். அளவு, நேரம், முறை எதிலாவது உங்கள் வார்டு சொல்வதும் நான் எழுதுவதும் மாறுபட்டால் வார்டு சொல்வதையே பின்பற்றுங்கள். உங்கள் குழந்தையைத் தொட்டுப் பார்த்தவர்கள் அவர்கள்.

1. கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை

சம்மதப் படிவத்தை நீட்டும்போது மனம் எதையும் கேட்கும் நிலையில் இருக்காது. அதனால் கேள்விகளை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் காரணத்துக்காகச் செய்கிறார்கள், தோராயமாக எவ்வளவு காலம் டியூப் இருக்க வேண்டியிருக்கும், எந்த வகை டியூப் போடுகிறார்கள், அதே டியூப் வெளியில் வாங்கக் கிடைக்குமா என்று கேளுங்கள்.

இவை எல்லாவற்றையும் விட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. டியூப் தவறி வெளியே வந்துவிட்டால், குழந்தையால் மூக்கு, வாய் வழியாகக் கொஞ்சமாவது மூச்சு விட முடியுமா, முடியாதா? சில குழந்தைகளுக்கு மேல்பாதை நன்றாக இருக்கும்; நீண்ட நாள் வெண்டிலேட்டர் தேவைப்படுவதால் மட்டும் டியூப் போட்டிருப்பார்கள். எங்கள் மகளைப் போன்ற குழந்தைகளுக்கு மேல்பாதை கிட்டத்தட்ட அடைபட்டிருக்கும். அவசர நேரத்தில் முகத்தில் ஆக்சிஜன் வைப்பதா, கழுத்தில் வைப்பதா என்பதை முடிவு செய்வது இந்த ஒரு பதில்தான். இதை மருத்துவரின் வாயால் கேட்டு, அவர் சொன்ன சொற்களிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

2. காகிதங்களை அன்றே தேடத் தொடங்குங்கள்

அரசு மருத்துவமனையில் அறுவைக்கும் படுக்கைக்கும் பணம் கேட்க மாட்டார்கள். ஆனாலும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், அதன்வழியாகக் கிடைக்கும் தொகையில் சில பொருட்கள் வாங்கித் தர வாய்ப்புண்டு. தனியார் மருத்துவமனை என்றால் அட்டை இல்லாமல் தாங்காது; அந்த மருத்துவமனை திட்டத்தில் சேர்ந்திருக்கிறதா, இந்தச் சிகிச்சைக்கு அங்கே அனுமதி உண்டா என்பதைச் சேர்க்கும்போதே கேட்டுவிட வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்கள் சேரலாம். ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். குடும்ப அட்டை, வருமானச் சான்று, ஆதார் ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்துக்குச் செல்ல வேண்டும். சந்தேகங்களுக்கு 1800 425 3993 என்ற இலவச எண்ணில் கேட்கலாம்.

நாங்கள் விழுந்த பள்ளம் இது. எங்களிடம் காப்பீட்டு அட்டை இருந்தது. ஆனால் ரேஷன் கார்டில் மகளின் பெயர் சேர்க்கப்படவில்லை. சேர்க்கலாம் என்று போனால் பிறப்புச் சான்றிதழில் பெயர் இல்லை. பிறந்த உடன் பெயரில்லாமல் வாங்கிய சான்றிதழை, பெயர் வைத்த பிறகு நாங்கள் திருத்தவே இல்லை. பிறப்பு பதிவான 12 மாதத்துக்குள் பெயரைக் கட்டணமில்லாமல் பதியலாம். அதைத் தாண்டினால் தாமதக் கட்டணம் உண்டு. என் கணவர் பேரூராட்சி அலுவலகத்துக்கும் இ-சேவை மையத்துக்குமாக ஒன்பது நாள் அலைந்தார். அந்த ஒன்பது நாளும் அவர் வார்டில் இருந்து கற்றுக்கொண்டிருக்க வேண்டிய நாட்கள். உங்கள் குழந்தை ஐ.சி.யூ.வில் இருந்து, உங்களை வெளியே உட்கார வைத்திருக்கிறார்கள் என்றால், அந்த நேரத்தில் இந்த வேலையை மாமாவிடமோ சித்தப்பாவிடமோ ஒப்படைத்துவிடுங்கள்.

எல்லாக் காகிதத்திலும் பெயரின் எழுத்தும் தந்தையின் தலைப்பெழுத்தும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒவ்வொன்றிலும் ஐந்து நகல் எடுத்து ஒரே பையில் போடுங்கள். கைபேசியிலும் படம் எடுத்து வைத்திருங்கள். வீட்டுக்கென்று நாங்கள் வாங்கிய கருவிகள் எவற்றுக்கும் எங்களுக்குக் கிடைத்த காப்பீட்டுத் தொகையில் இடம் இருக்கவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதற்கான பணத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

3. முதல் ஒரு வாரம்: தொடாமல் பார்க்க வேண்டிய காலம்

அறுவை முடிந்து வரும் குழந்தையின் கழுத்தில் டியூப்பும், அதைச் சுற்றிக் கட்டிய நாடாவும் இருக்கும். அவற்றோடு, மார்பின் இருபுறமும் பிளாஸ்திரியால் ஒட்டப்பட்ட இரண்டு நூல்களையும் பார்ப்பீர்கள். அவை தையலில் மிஞ்சிய நூல்கள் அல்ல. மூச்சுக்குழலின் இடப்பக்கத்திலும் வலப்பக்கத்திலும் கோத்து வெளியே விட்டிருப்பவை. துளை இன்னும் உறுதிப்படாத முதல் நாட்களில் டியூப் வெளியே வந்துவிட்டால், மருத்துவர்கள் அந்த நூல்களை இழுத்துத் துளையை விரித்து மீண்டும் டியூப்பை நுழைப்பார்கள். துடைக்கும்போதோ உடை மாற்றும்போதோ அவற்றை அசைக்கக் கூடாது. யாராவது வெட்டப் போனால் தடுங்கள்.

முதல் டியூப் மாற்றத்தை அறுவை செய்த குழுவே செய்யும். பெரும்பாலும் ஐந்தாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் நடக்கும். அதுவரை குழந்தை டியூப்பைப் பிடுங்கிவிடாமல் கைகளை அட்டை வைத்துக் கட்டியிருப்பார்கள். மயக்க மருந்தும் கொடுத்திருக்கலாம். பார்க்க வயிறு எரியும். ஆனாலும் கட்டை அவிழ்த்துவிடச் சொல்லி மன்றாடாதீர்கள்.

இந்த வாரத்தில் உங்களை அதிகம் உலுக்கப் போவது ஓசையில்லாத அழுகை. குழந்தை வாயைத் திறந்து, முகம் சிவந்து, கண்ணீர் வழிய அழும்; சத்தம் மட்டும் வராது. மூச்சு குரல்நாணைத் தொடாமல் கழுத்து வழியாகவே போய்வருவதுதான் காரணம். குரல் போய்விட்டது என்று பொருள் அல்ல. ஆனால் இதில் ஒரு நடைமுறை ஆபத்து இருக்கிறது: நீங்கள் திரும்பியிருக்கும்போது குழந்தை திணறினாலும் உங்கள் காதுக்கு எட்டாது. எங்கள் பக்கத்துக் கட்டிலில் இருந்த ஓர் அம்மா, முத்து நிறைந்த கொலுசை இரண்டு காலிலும் போட்டுவிடச் சொன்னார். அன்று முதல் மகள் காலை உதைத்தால் எனக்கு விழிப்பு வந்துவிடும். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கொலுசுதான் அவளுடைய அழுகுரல்.

கழுத்திலும் மார்பிலும் திடீரென வீக்கம், அதை அழுத்தினால் நறநறவென்ற உணர்வு, டியூப் ஓரத்தில் நிற்காத இரத்தம், மூச்சு வேகம் கூடுதல் ஆகியவற்றில் எதைப் பார்த்தாலும் அந்த நொடியே சிஸ்டரை அழையுங்கள்.

4. இரண்டாவது ஆளை இப்போதே சேருங்கள்

வீட்டில் இரண்டு பேருக்காவது எல்லாம் தெரிந்திருந்தால்தான் டிஸ்சார்ஜ் செய்வோம் என்று எங்கள் மருத்துவர்கள் சொன்னார்கள். அது முழுக்கச் சரி. டியூப் மாற்றுவது இரண்டு பேர் செய்ய வேண்டிய வேலை. அதோடு தாய்க்கே காய்ச்சல் வரும் நாளும் உண்டு.

சிக்கல் வார்டு விதியில் இருக்கிறது. பல குழந்தைகள் வார்டுகளில் இரவில் ஒரு பெண் துணைக்கு மட்டுமே பாஸ். என் கணவர் மாலை பார்வையாளர் நேரத்தில் வந்து, நின்று பார்த்துவிட்டுப் போவார். ஒரு மாதம் ஆன பிறகும் அவர் சக்‌ஷன் கருவியைக் கையில் எடுத்ததே இல்லை. கடைசியில் அவர் கற்றுக்கொள்வதற்காக மட்டும் எட்டு நாள் கூடுதலாகத் தங்கினோம். முதல் வாரத்திலேயே தலைமைச் செவிலியரிடம் போய், "இரண்டாவது ஆள் பயிற்சிக்குத் தினம் ஒரு மணி நேரம் உள்ளே வர எழுதித் தாருங்கள்" என்று கேளுங்கள். காரணத்தைச் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் மறுப்பதில்லை. அப்பா வேலைக்குப் போக வேண்டியவர் என்றால் பாட்டியோ அத்தையோ கற்றுக்கொள்ளட்டும். கை நடுங்காதவராக, வீட்டிலேயே இருப்பவராக இருந்தால் போதும்.

5. சக்‌ஷன்: கையால் பழகும் வித்தை

டியூப்பில் சேரும் சளியை கதீட்டர் என்னும் மெல்லிய குழாயை விட்டு உறிஞ்சி எடுப்பதே சக்‌ஷன். இதற்கு மணிக்கணக்கு கிடையாது. மூச்சில் கரகரப்புக் கேட்டால், டியூப் வாயில் சளி நுரைத்தால், குழந்தை நிலைகொள்ளாமல் தவித்தால், ஆக்சிஜன் அளவு இறங்கினால் போட வேண்டும். சும்மா அடிக்கடி போட்டால் உட்பாதை புண்ணாகி இரத்தம் கசியும். தூங்கப் போகும் முன்னும், காலை எழுந்ததும், உணவுக்கு முன்னும் ஒருமுறை காதை வைத்துக் கேட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம்.

கதீட்டரின் எண், டியூப்பின் உள்விட்டத்தைப் போல இரு மடங்கு என்பது பொதுக் கணக்கு. எங்கள் மகளின் டியூப் 4.0, கதீட்டர் 8. எவ்வளவு ஆழம் விடுவது என்பதற்கு ஒரு சிஸ்டர் காட்டிய வழியை நான் இன்றும் மறக்கவில்லை. அதே அளவுள்ள உபரி டியூப் ஒன்றைக் கையில் எடுத்து, அதற்குள் கதீட்டரை விட்டு, நுனி மறுபக்கம் எட்டிப் பார்க்கும் இடத்தில் நிறுத்தினார். டியூப் வாயில் கதீட்டர் நின்ற இடத்தில் விரலால் பிடித்துக்கொண்டு, அந்த நீளத்தை ஒரு தாளில் கோடாக வரைந்து, எண்ணையும் எழுதிக் கட்டிலின் தலைமாட்டில் ஒட்டினார். "இந்தக் கோட்டுக்கு மேல் ஒரு அரை செண்டிமீட்டர் கூடப் போகாதே அம்மா" என்றார். வீட்டிலும் அதே கோடு சுவரில் இருக்கிறது.

கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். இயந்திரத்தை இயக்கி, அழுத்தமானி 80 முதல் 100 mmHg வரை காட்டுகிறதா என்று பாருங்கள். 120ஐத் தாண்டக் கூடாது. கட்டைவிரல் துளையைத் திறந்தபடியே கதீட்டரைக் குறித்த ஆழம் வரை விடுங்கள். பிறகு துளையைக் கட்டைவிரலால் மூடி, கதீட்டரை விரல்களுக்கிடையே மெல்லச் சுழற்றிக்கொண்டே வெளியே எடுங்கள். உள்ளே போய் வெளியே வர ஐந்து முதல் பத்து நொடிக்கு மேல் ஆகக் கூடாது, ஏனெனில் அந்த நேரம் முழுவதும் குழந்தைக்கு மூச்சு இல்லை. நான் ஒவ்வொரு முறையும் என் மூச்சை அடக்கிக்கொள்வேன். எனக்கு முட்டும்போது அவளுக்கும் முட்டும் என்று கணக்கு. அடுத்த முறை விடும் முன் குழந்தை நன்றாகச் சில மூச்சு விடட்டும்.

சளியின் நிறத்தை நோட்டில் எழுதுங்கள். வெள்ளையாக, நீராக இருந்தால் கவலை இல்லை. மஞ்சளோ பச்சையோ ஆகி நாற்றம் வந்தால் தொற்று. கெட்டியாகி நூலாக வந்தால் ஈரம் போதவில்லை. சக்‌ஷனுக்குப் பின் இளஞ்சிவப்புக் கோடு தெரிந்தால் மருத்துவரிடம் சொல்லலாம். பளிச்சென்ற சிவப்பு இரத்தம் கொட்டினால் அது அவசரம். ஒவ்வொரு முறையும் சலைன் சொட்டு விட்டுத்தான் உறிஞ்ச வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். வழக்கமாக அப்படிச் செய்யத் தேவையில்லை என்றே எங்களுக்குக் கற்பித்தார்கள்.

6. ஈரமும் உணவும்

மூக்கு செய்யும் வேலையான காற்றைச் சூடாக்கி ஈரப்படுத்துவது இப்போது நடக்காது. அதனால் சளி காய்ந்து டியூப்பை அடைக்கும். மருத்துவமனையில் ஈரப்பதக் கருவி வைப்பார்கள். பிறகு டியூப் வாயில் மாட்டி, வெளிவிடும் மூச்சின் சூட்டையும் ஈரத்தையும் பிடித்து வைக்கும் எச்.எம்.ஈ. வடிகட்டி பழக்குவார்கள். அது சளியில் நனைந்தால் உடனே மாற்ற வேண்டும். கழுவி மீண்டும் போடுவது ஆபத்து.

உணவு முதலில் மூக்குக் குழாய் வழியாகத்தான். வாயால் விழுங்கத் தொடங்க மருத்துவர் சொல்லும் வரை பொறுத்திருங்கள். தொடங்கிய பிறகு, சக்‌ஷனில் பாலோ கஞ்சியோ வந்தால் அன்றே நிறுத்திவிட்டுத் தெரிவியுங்கள்.

7. நாடா, டியூப் மாற்றம், அவசரம்

நாடாவுக்கும் கழுத்துக்கும் இடையே ஒரு விரல் நுழைய வேண்டும். அதற்கு மேல் தளர்ந்தால் இருமலில் டியூப் வெளியே வந்துவிடும். மாற்றும்போது ஒருவர் டியூப்பை விரலால் அழுத்திப் பிடித்தபடியே இருக்க வேண்டும். புதிய நாடா முடிச்சு விழும் வரை அந்த விரல் விலகக் கூடாது. கழுத்து மடிப்பில் ஈரம் தங்கி அவியும், ஆகையால் தினமும் துடைத்து உலர்த்துங்கள். டியூப்புக்கு அடியில் வைக்க காஸ் துணியைக் கத்தரியால் வெட்டாதீர்கள். வெட்டிய ஓரத்திலிருந்து உதிரும் நூல் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். இதற்கென்றே வெட்டித் தைத்து வரும் பட்டைகள் கிடைக்கின்றன.

டியூப் மாற்றத்தை வயிறு நிறைந்திருக்கும்போது செய்யக் கூடாது. தோளுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்துக் கழுத்தை நிமிர்த்தி, புதிய டியூப்பை அதன் உள்கம்பியுடன் வளைவின் போக்கில் நுழைத்து, நுழைந்த உடனே உள்கம்பியை உருவிவிட வேண்டும். கம்பி உள்ளே இருக்கும்வரை டியூப் அடைபட்டிருக்கிறது என்பதை மறக்காதீர்கள். எங்களை இருவரும் தலா இரண்டு முறை மருத்துவர் முன்னிலையில் செய்ய வைத்தார்கள். கடைசி இரண்டு நாள், வார்டிலேயே எல்லா வேலையும் நாங்கள் செய்ய, சிஸ்டர்கள் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார்கள். உங்கள் வார்டில் இந்தப் பழக்கம் இல்லையென்றால் நீங்களே கேட்டு வாங்குங்கள்.

அவசர முறையை மனப்பாடமாகச் சொல்லத் தெரிய வேண்டும். குழந்தை திணறினால் முதலில் சக்‌ஷன். கதீட்டர் உள்ளே போகவில்லை என்றால் டியூப் அடைத்துவிட்டது; ஆம்புலன்சுக்காகக் காத்திராமல் அந்த இடத்திலேயே டியூப்பை மாற்ற வேண்டும். அதே அளவு நுழையாவிட்டால் ஓர் அளவு சிறியது. அதுவும் நுழையாவிட்டால், சிறிய டியூப்புக்குள் சக்‌ஷன் கதீட்டரைக் கோத்து, கதீட்டரின் நுனியைத் துளைக்குள் விட்டு, அதன்மேல் டியூப்பைச் சறுக்கி இறக்க வேண்டும். மூச்சு இல்லை என்றால், கையால் அழுத்திக் காற்றைச் செலுத்தும் ஆம்பு பையால் டியூப் வழியாக மூச்சு கொடுக்க வேண்டும். இந்த நேரத்தில் இரண்டாமவர் 108ஐ அழைத்து, "கழுத்தில் டியூப் உள்ள குழந்தை, மூச்சுத் திணறல்" என்று அதே சொற்களில் சொல்ல வேண்டும். ஆம்பு பை அழுத்துவதையும் நெஞ்சு அழுத்துவதையும் பொம்மையில் செய்து பழகாமல் டிஸ்சார்ஜுக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

8. வாங்க வேண்டியவை, விலை, கால அவகாசம்

டிஸ்சார்ஜ் தேதி சொன்ன பிறகு வாங்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். எங்களுக்கு வேண்டிய குழந்தை அளவு டியூப் ஊர்ப் பக்கத்துக் கடைகள் எதிலும் இல்லை. சென்னையில் சொல்லி வைத்து வர ஆறு நாள் ஆனது. மேலும் வீட்டில் பயன்படுத்தப் போகும் அதே இயந்திரத்தில் வார்டிலேயே பழக வேண்டும். இரண்டாம் வாரமே வாங்கிவிடுவது நல்லது.

மின்சாரம் போனாலும் ஓடும் பேட்டரி சக்‌ஷன் இயந்திரத்துக்கு நாங்கள் கொடுத்தது 16,000 ரூபாய். மின்சாரத்தில் மட்டும் ஓடுவது 5,000 ரூபாய்க்குக் கிடைத்தது. முதலில் அதைத்தான் வாங்கவிருந்தோம். மின்வெட்டு அடிக்கடி வரும் ஊர் எங்களுடையது என்பதால் மருத்துவரே தடுத்தார். பேட்டரி இருந்தாலும் காலால் மிதித்து இயக்கும் பம்ப் ஒன்று கூடவே இருக்கட்டும். அதுவும் இல்லாத நேரத்துக்கு, கதீட்டரில் பொருந்தும் பெரிய சிரிஞ்சு ஒன்று பையில் கிடக்க வேண்டும். கையால் இழுத்தும் சளி எடுக்கலாம்.

சாதாரண பி.வி.சி. டியூப் சில நூறு ரூபாயில் இருக்கிறது. இறக்குமதியாகும் சிலிக்கோன் டியூப் பல ஆயிரம். எது என்பது மருத்துவர் முடிவு. நீங்கள் விலையைப் பார்த்து வேறு கம்பெனி டியூப்பை மாற்றி வாங்கக் கூடாது, எண் ஒன்றாக இருந்தாலும் நீளமும் வளைவும் மாறும். அதே அளவில் ஒன்றும் ஓர் அளவு சிறியது ஒன்றும் எப்போதும் கையில் வேண்டும். ஆக்சிஜன் மானியில் ஒரு பொறி இருக்கிறது. மருந்துக்கடையில் ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் விரல் கிளிப் பெரியவர்களுக்கானது. சின்ன விரலில் பொய்யான எண் காட்டும். காலில் சுற்றும் குழந்தை சென்சார் உள்ள கருவியை 4,200 ரூபாய்க்கு வாங்கினோம். குழந்தை அளவு ஆம்பு பை, நெபுலைசர், கதீட்டர்கள், வடிகட்டிகள், நாடா, சலைன் எல்லாம் சேர்த்து முதல் மாதம் மட்டும் 34,000 ரூபாயைத் தொட்டது. பிறகு மாதம் 3,500 ரூபாய் அளவில் ஓடுகிறது. விலை கடைக்குக் கடை மாறும். பில் கேட்டு வாங்கி, உத்தரவாத அட்டையில் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். நன்றாகத் தேறி டியூப் எடுத்த குழந்தைகளின் பெற்றோரிடம் இயந்திரம் சும்மா இருக்கும். வார்டு சிஸ்டர்களிடம் விசாரித்தால் பாதி விலையில் கிடைப்பதுண்டு. ஆனால் டியூப்பையும் கதீட்டரையும் ஒருபோதும் பிறர் பயன்படுத்தியதாக வாங்காதீர்கள்.

9. டிஸ்சார்ஜ் சம்மரியை அங்கேயே படியுங்கள்

கையில் வாங்கியவுடன் நகராதீர்கள். டியூப்பின் கம்பெனி, அளவு, கஃப் (டியூப்பைச் சுற்றி ஊதக்கூடிய சிறு பலூன்) உண்டா இல்லையா, கடைசியாக மாற்றிய தேதி, அடுத்து மாற்ற வேண்டிய தேதி, கதீட்டர் எண், விடும் ஆழம், டியூப் போட்ட காரணம், மேல்பாதை திறந்திருக்கிறதா அடைபட்டிருக்கிறதா, அவசரத்தில் அழைக்க வேண்டிய பிரிவின் எண் ஆகிய அனைத்தும் அதில் இருக்க வேண்டும். எங்கள் சம்மரியில் முதலில் "டிரக்கியாஸ்டமி செய்யப்பட்டது" என்ற ஒரே வரிதான் இருந்தது. அதோடு வந்திருந்தால் எங்கள் ஊர் மருத்துவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. திருப்பிக் கொடுத்து எழுதி வாங்க அரை நாள் ஆனது. அந்த அரை நாள் வீணல்ல.

மேல்பாதை பற்றிய அந்த வரியைப் பெரிய எழுத்தில் தமிழிலும் எழுதி, அவசரப் பையின் மேல் ஒட்டுங்கள். "ஆக்சிஜனைக் கழுத்தில் வைக்கவும்" என்பது எங்கள் பையில் இருக்கும் வாசகம். பதற்றத்தில் எவரும் முகத்துக்குத்தான் மாஸ்க் கொண்டுபோவார்கள்.

10. வீட்டை முன்கூட்டியே மாற்றுங்கள்

டிஸ்சார்ஜுக்கு இரண்டு நாள் முன்பே ஒருவர் ஊருக்குப் போய் இதைச் செய்ய வேண்டும். கட்டிலை மின்இணைப்புப் பலகைக்கு அருகில் போடுங்கள். இன்வெர்ட்டர் இணைப்பு அந்தப் பலகைக்கு வருகிறதா என்று பாருங்கள். மின்தடை பற்றிச் சொல்ல மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987. வீட்டுக்கு அருகிலுள்ள மருத்துவமனைக்கு ஒருமுறை நேரில் போய், சம்மரியின் நகலைக் கொடுத்து, அங்கே குழந்தைக்கான ஆம்பு பையும் ஆக்சிஜனும் உள்ளனவா என்று கேட்டு வாருங்கள்.

சொந்தக்காரர்களிடம் பேசுவதுதான் கடினமான பகுதி. குளிப்பாட்டியதும் சாம்பிராணி போடக் கூடாது. ஊதுபத்தி, கொசுவத்தி, பீடி, விறகடுப்புப் புகை எதுவும் அந்த அறைக்குள் வரக் கூடாது. பவுடர் டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். கழுத்தில் தாயத்துக் கயிறோ சங்கிலியோ வேண்டாம். மொட்டை போடும் வேண்டுதல் இருந்தால் டியூப் எடுக்கும் வரை தள்ளி வையுங்கள். வெட்டிய முடி ஒன்று உள்ளே போனாலும் போதும். பாட்டி காலில் போட்டு மேலிருந்து தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டும் முறையை அடியோடு நிறுத்த வேண்டும். உட்கார வைத்து, இடுப்பளவுக்குக் கீழே நீர் வைத்து, கழுத்துக்கு மேல் ஈரத்துணியால் துடையுங்கள். என் மாமியாரிடம் இதைச் சொல்ல நான் தயங்கினேன். மருத்துவமனையில் மருத்துவரே அவரை அழைத்து, டியூப்பின் வாயைக் காட்டி, "இதுதான் உங்கள் பேத்தியின் மூக்கு" என்று சொன்ன பிறகு அவரே வீட்டில் காவல்காரர் ஆனார். உங்கள் வீட்டுப் பெரியவர்களையும் ஒருநாள் வார்டுக்கு அழைத்து வாருங்கள்.

பேச்சு வால்வு என்று ஒன்றைக் கடையில் காட்டுவார்கள். அது மூச்சை உள்ளே மட்டும் விட்டு, வெளியே விடுவதைத் தொண்டை வழியாகத் திருப்பும். மேல்பாதை சுருங்கிய குழந்தைக்கும், கஃப் ஊதிய டியூப் உள்ள குழந்தைக்கும் அதைப் போட்டால் மூச்சு வெளியேற வழியில்லாமல் போகும். மருத்துவர் சோதித்துச் சொன்னால் மட்டுமே வாங்க வேண்டும்.

11. பயணமும் மறுபரிசோதனையும்

வீடு திரும்பும் பயணத்தில் ஓட்டுபவரைத் தவிர இரண்டு பயிற்சி பெற்றவர்கள் பின்னிருக்கையில் இருக்க வேண்டும். இயந்திரத்தை முழுதாக மின்னேற்றி, அவசரப் பையைக் காலடியில் வையுங்கள், டிக்கியில் போடாதீர்கள். எங்களுக்கு ஐந்து மணி நேரப் பயணம். ஒன்பது முறை சக்‌ஷன் போட்டோம், நான்கு முறை ஓரமாக நிறுத்தினோம். பகலில் கிளம்புங்கள்.

அதன் பிறகு எங்களை முதல் மாதம் வாரம் ஒருமுறையும், பிறகு மாதம் ஒருமுறையும் வரச் சொன்னார்கள். புறநோயாளிப் பிரிவில் வரிசை நீளும் என்பதால் கதீட்டரும் பேட்டரியும் அரை நாளுக்குப் போதுமா என்று கிளம்பும் முன் பாருங்கள். தவறிய தடுப்பூசிகளை அதே நாளில் கேட்டு முடித்துவிடலாம். ஒவ்வொரு முறையும், உள்ளே கேமரா விட்டு மூச்சுப்பாதையைப் பார்க்கும் அடுத்த பரிசோதனை எப்போது என்று கேட்டுத் தேதியை ஓ.பி. சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். டியூப்பை எடுப்பதா, சுருக்கத்துக்கு இன்னொரு அறுவை செய்வதா என்பதை அந்தப் பரிசோதனையை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். அறுவை அரங்கில் அதற்கு இடம் கிடைக்க எங்களுக்கு ஆறு வாரம் ஆனது. சீட்டில் தேதி எழுதப்படாமல் திரும்பிய ஒரு முறை, அந்த ஆறு வாரத்தை மறுபடியும் முதலிலிருந்து எண்ண வேண்டியிருந்தது.